மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ‘கடைசி வேலி’ ஆரம்பிக்கும். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு எர்லிங் சான்ட்விக் குறை சொல்ல ஆரம்பிப்பார். நாடு முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்த தொலைக்காட்சித் தொடர் அது. அமெரிக்காவில் எங்கள் மான்டானா மாநிலத்தில், கிட்டத்தட்ட எங்கள் ரிங்டால் மாதிரியே ஒரு பள்ளத்தாக்கில், மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர் தன் நிலத்தைக் காப்பாற்ற வாரம் ஒரு ஆளைக் கொல்லும் கதை. செத்தவனை மலை விளிம்புக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். ரிங்டாலில் கடைசியாக நடந்த பெரிய குற்றம் ஒரு மாட்டு டிரெய்லர் காணாமல் போனதுதான். அதையும் மூன்றாம் நாள் சொந்தக்காரரின் மச்சானே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கேட்காமல் எடுத்துப் போயிருந்தான், அவ்வளவுதான்.

“இந்தா பாரு, அது மூணு மாசத்துக் கன்னு,” என்பார் எர்லிங். “இப்பத்தான் பொறந்துச்சுங்கறான். சோப்பு நுரையத் தடவி விட்டிருக்கானுங்க.”

“ஒனக்குக் கன்னு தெரியுது. எனக்கு அவன் தோள் தெரியுது. வாய மூடிட்டுச் சோளப்பொரியத் தின்னு,” என்பாள் அவர் மனைவி ஆர்டிஸ்.

நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் இந்தச் சண்டை நடந்தது. எர்லிங் ஒரு நாளும் எழுந்து போனதில்லை. அவருக்கு அந்தத் தொடர்மேல் இருந்த மனத்தாங்கலுக்குக் காரணம் கொலைகள் இல்லை. அதில் யாரும் மாட்டுக்குத் தீனி போடுவதில்லை என்பதுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறையும் குளிரில், ஞாயிறு கிறிஸ்துமஸ் என்று பாராமல் தினமும் காலையில் புல் உருண்டைகளைப் பிரித்துப் போடுகிறவருக்கு அது கோபம் தராமல் என்ன செய்யும்? அந்தப் பெரியவர் வீட்டில் யாருக்கும் பல்வலிகூட வந்ததில்லை என்பதையும் எர்லிங் கவனித்து வைத்திருந்தார். இங்கே ஆர்டிஸ் இருபத்துநாலு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய கரண்டி பிடித்தாள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு அந்தக் கரண்டியிலிருந்துதான் வந்தது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பண்ணைகளை மாடு நடத்துவதில்லை, வெளியே வேலைக்குப் போகும் பெண்கள்தான் நடத்துகிறார்கள். தொலைக்காட்சியில் இதை எவன் காட்டுவான்? துப்பாக்கி இல்லையே இதில்.

எர்லிங்குக்கு அறுபத்தேழு வயது. நூற்றறுபது தாய்மாடு, ஒரு கிழட்டு நாய், தூரத்து ஸ்போகேன் நகரத்தில் கட்டிக்கொடுத்த கேரின் என்ற ஒரு மகள். பேச்சு குறைவு. அந்தக் குறைவான பேச்சில் பாதி வானிலை. ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் தொடரைப் பார்த்து மயங்கிய வெளியூர்க்காரர்கள் மூன்று பண்ணையை வாங்கிப் புதுத் தொப்பியோடு குடியேறியபோதுகூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதி பதினோரு வீடு நம் ஆட்கள் இருக்கிறார்களே என்று இருந்துவிட்டார்.

அந்தப் பதினோரு வீட்டின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை பெரியது. காரணம் மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. கோடையில் மாடுகளை அரசாங்கக் காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன்னால் கன்றுகளுக்கெல்லாம் பண்ணையின் அடையாளச் சூடு போடவேண்டும், தடுப்பூசி போடவேண்டும், காளைக்கன்றுகளுக்குக் காயடிக்கவேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. குதிரைமேலிருந்து கயிறு வீச நாலு பேர், கன்றை அமுக்கிப் பிடிக்க பத்துப் பேர், ஊசிக்கு, கத்திக்கு, சூட்டுக்கோலுக்கு என்று ஆள் வேண்டும். பள்ளத்தாக்கே கூடி ஒவ்வொரு பண்ணையாக முடித்துக்கொண்டு போகும். கூலி கிடையாது. மத்தியானச் சாப்பாடு உண்டு, அடுத்த சனிக்கிழமை நீ என் வீட்டுக்கு வா என்பது உண்டு. வருடத்தின் முதல் முறை சான்ட்விக் வீட்டுக்கு. எர்லிங்கின் அப்பா காலத்திலிருந்தே அப்படி.

இதைப் பற்றி அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் விரிவாகப் பேசியிருக்கிறார், அதுவும் ஒரு வெளியாளிடம். முந்தைய வருடம் அக்டோபரில் ‘கடைசி வேலி’க்காரர்கள் அனுப்பிய ஒரு இளைஞன் குறிப்பேட்டோடு வந்தான். படப்பிடிப்புக்கு இடம் தேடுகிறார்களாம். இங்கத்திய பழக்கவழக்கம் தெரியவேண்டுமாம். ஆர்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பானை காப்பி போட்டாள். சூடு போடும் நாளுக்கு அக்கம்பக்கத்தாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அவன் எர்லிங்கைக் கேட்டான்.

“நாங்க கூப்பிடறதில்ல,” என்றார் எர்லிங். “நாள் தெரியும். வருவாங்க.”

அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான். ஆர்டிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று எர்லிங் கேட்கவில்லை. பெரிய வார்த்தை பேசிவிட்டோம் போலிருக்கிறது, கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் புற்று என்றார்கள். பிப்ரவரியில் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எர்லிங் காலையில் தீனி போட்டுவிட்டு நூற்றுப் பத்து மைல் ஓட்டிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் திரும்பி வருவார், ஏனென்றால் மாடு கன்று போடுகிற காலம். கடைசி வாரத்தில் வலிமருந்து அவளை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. பேசினால் கோர்வையாக வராது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து அவர் கையைப் பிடித்தாள்.

“மாவிஸ்கிட்ட உருளைக்கிழங்கு சாலட்டுக்குச் சொல்லிரு,” என்றாள்.

“சரி.”

“மறந்துராத எர்லிங். ஏப்ரல்லயே சொல்லிரணும். உருளைக்கிழங்கு சாலட்.”

மாவிஸ் பேட்டெக் அடுத்த பண்ணைக்காரி, ஆர்டிஸின் உயிர்த்தோழி. பாவம், எதையோ தின்ன ஆசைப்படுகிறாள் என்று எர்லிங்குக்குத் தோன்றியது. நாலு நாளாக அவள் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. கீழே இறங்கிப்போய் ஆஸ்பத்திரி உணவகத்தில் தேடி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட் வாங்கி வந்து அவள் முன்னால் நீட்டினார். ஆர்டிஸ் கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் கோர்வையாக ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்கு எல்லாரும் வந்தார்கள். ஒரு மாதத்துக்குக் குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு வந்தது. மகள் கேரின் மட்டும் பேசவேண்டியதைப் பேசினாள். தனியாக இந்தப் பண்ணையை இழுக்க முடியாது, விற்றுவிட்டு ஸ்போகேனுக்கு வந்துவிடுங்கள் என்றாள். எர்லிங் மே மாதம் சூடு போட்டு முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதில் எல்லாம் அடக்கம். அந்தச் சனிக்கிழமை பள்ளத்தாக்கு கூடி வந்தால் மனைவி இல்லாமலும் இங்கே பிழைக்கலாம். பதினோரு வீடு பின்னால் இருக்கும்போது ஒருவன் எப்படித் தனி ஆள் ஆவான்? மனசுக்குள் அந்த நாளைப் பிடித்துக்கொண்டுதான் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தையும் தாண்டினார்.

ஏப்ரல் கடைசியில் தபால் நிலையச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ‘கடைசி வேலி’யில் கன்றுக்குச் சூடு போடும் காட்சி படமாக்கப்போகிறார்கள். சொந்தக் குதிரையோடு வரும் ஆட்களுக்கு நாளைக்கு இருநூற்றைம்பது டாலர், மூன்று வேளை சாப்பாடு. தேதி மே பதினாலு, சனிக்கிழமை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆள்கூடக் கிடைக்காத நாளாகப் பார்த்து வைத்திருக்கிறார்களே மடையர்கள் என்று எர்லிங் சிரித்துக்கொண்டார். ஆர்டிஸிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று ஒரு கணம் நினைத்து, பிறகு தபாலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

மே முதல் வாரத்தில் தீவனக் கடை வாசலில் மாவிஸின் புருஷன் லைல் பேட்டெக்கைப் பார்த்தார். நாற்பது வருடச் சிநேகிதம். இரண்டு பேரும் பனி உருகுவதைப் பற்றிப் பேசினார்கள், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று பேசினார்கள். பேச்சு தீர்ந்த பிறகும் லைல் போகாமல் வண்டிச் சக்கரத்தைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றார்.

“அடுத்த சனிக்கிழமை நல்ல வெயிலா இருக்குமாம்,” என்றார் லைல்.

“நல்லதாப் போச்சு,” என்றார் எர்லிங்.

லைல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். எர்லிங்கும் நின்றார். அப்புறம் இரண்டு பேரும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள். லைல் வருகிறேன் என்று சொல்லிவிட்டார் என்று எர்லிங்குக்கு மனசு நிறைந்திருந்தது. இதற்குமேல் வெளிப்படையாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்?

வெள்ளிக்கிழமை நாயை வைத்துக்கொண்டு தனியாகவே மாடுகளை மேட்டிலிருந்து இறக்கி, கன்றுகளைப் பிரித்துப் பட்டியில் அடைத்தார். இரண்டு பெரிய மாட்டுத் தொடையை அடுப்பில் வாட்டினார். ஆர்டிஸ் செய்வது மாதிரி ஒரு அண்டா பீன்ஸ் வேகவைத்தார். சர்க்கரைப்பாகு அதிகமாகிவிட்டது. முப்பது கோப்பை காப்பிப் பாத்திரத்தைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தார். சனிக்கிழமை விடிவதற்குள் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துச் சூட்டுக்கோல்களைச் சொருகி, ஊசிமருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு பட்டி வாசலில் நின்றார்.

ஆறரைக்கு வரவேண்டிய லைல் வரவில்லை. ஏழு மணிக்குக் கன்றுகள் பசியில் கத்த ஆரம்பித்தன. வெளியே தாய்மாடுகள் பதிலுக்குக் கத்தின. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் எர்லிங் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்கு எங்கேயோ பாலம் உடைந்திருக்கும் என்று நினைத்தார். ஒன்பது மணிக்கு ஒன்றும் நினைக்கவில்லை.

ஒன்பதரைக்கு மேட்டுப்பாதையில் புழுதி தெரிந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. எர்லிங் கையுறையை மாட்டிக்கொண்டார். வந்தது ஒரு வெள்ளை வேன். காதில் கருவி மாட்டிய ஒரு இளம்பெண் இறங்கினாள். பின்னால் பெட்டி பெட்டியாக ரொட்டி.

புகையை, சூட்டுக்கோலை, பட்டியை, கத்துகிற கன்றுகளை எல்லாம் பார்த்துவிட்டு அவள், “அப்பாடா. இது நம்ம செட்டுத்தானே?” என்றாள்.

“இல்லம்மா,” என்றார் எர்லிங். “இது வேற.”

அவளுக்குப் புரியவில்லை. ‘கடைசி வேலி’ ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன், வழி தவறிவிட்டது, அங்கே நூற்றுக்கு மேல் உள்ளூர் ஆட்கள் விடியற்காலையிலிருந்து குதிரையோடு காத்திருக்கிறார்கள், நேரமாகிவிட்டது என்று படபடத்தாள். எர்லிங் அவளுக்கு வழி சொன்னார். இரண்டாவது வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடவேண்டும், மூடியிருந்தால் திரும்ப மூடவேண்டும் என்பதுவரை பொறுமையாகச் சொன்னார். காப்பி குடிக்கிறாயா என்றும் கேட்டார். நிறைய இருக்கிறது என்றார். அவள் வேண்டாம், நன்றி என்று ஓடினாள்.

வேன் மறைந்த பிறகு அவர் குதிரையேறி ஒரு கன்றைக் கயிறு போட்டு இழுத்தார். தனியாகவே கீழே தள்ளி, முழங்காலால் அமுக்கி, ஒரு கையால் சூட்டுக்கோலை எட்டி எடுத்தார். கன்று உதறியது. இரும்பு வழுக்கி, இடது விலாவில் சான்ட்விக் அடையாளம் விழவேண்டிய இடத்தில் ஒரு கருகிய இழுவைதான் விழுந்தது. அப்பா காலத்திலிருந்து அந்தப் பண்ணையில் எந்த மாட்டின் மேலும் அப்படி ஒரு அசிங்கம் ஏறியதில்லை. எர்லிங்குக்கு அழுகை வந்தது. அழுதார். பார்க்க யாருமில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்து, பட்டிக் கதவைத் திறந்துவிட்டார். கன்றுகள் தாய்களைத் தேடி ஓடின.

திரும்பவும் ஒரு நாள் குறிக்கலாம், தொலைபேசியை எடுத்து ஏன் வரவில்லை என்று கேட்கலாம் என்றெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். நியாயம்தான். ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வலிய வந்து உதவி செய்ய அவர்கள் உயிரைக் கொடுப்பார்கள். வாய்திறந்து உதவி கேட்க மட்டும் செத்தாலும் வராது. கேட்டபிறகு வருகிறவன் கடமைக்கு வருகிறான் என்று ஒரு வீம்பு. எர்லிங்குக்கு அந்த வீம்பு எலும்புவரை இருந்தது. இருநூற்றைம்பது டாலருக்குப் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். மகளுக்குச் சொல்லவேண்டிய பதிலும் அதில் முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை மாட்டு வியாபாரிக்குப் போன் செய்தார்.

பத்தாம் நாள் லாரிகள் வந்தன. மாடு கைமாறினால் அரசாங்கத்தின் சூட்டுக்குறி ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். வந்தவர் ராய்ஸ், உள்ளூர்க்காரர். தாய்மாடுகளின் விலாவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூடவே ஓடிய கன்றுகளில் ஒன்றுக்கும் சூடு இல்லை, அந்த ஒரு கருகலைத் தவிர. அந்தக் கன்றை வியாபாரி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டான். அதுவும் தாயும் பட்டியில் நின்றன.

“ஏன் எர்லிங்?” என்று கேட்டார் ராய்ஸ்.

“வயசாச்சு.”

ராய்ஸ் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லாரிகள் போன பாதையில்தான் லைல் வீடும் இருந்தது. ஊரே பார்த்தது. ஆர்டிஸ் இல்லாமல் மனிதருக்குத் தாங்கவில்லை, விற்றுவிட்டார், நாம் ஒன்றும் கேட்டுப் புண்ணைக் கிளறவேண்டாம் என்று ஊர் பேசிக்கொண்டது. கேட்கவும் இல்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் எங்கள் ஊர்.

ஸ்போகேனுக்கு அவர் உடனே போகவில்லை. அடுத்த வசந்தம் வரட்டும் என்று மகளிடம் தள்ளிப்போட்டார். கோடை முழுக்க, கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, செய்ய வேலை இல்லாமல் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மற்ற வீட்டுச் சூடு போடும் நாட்களுக்குப் போகவில்லை. மாடில்லாதவன் போய் என்ன செய்வது என்று அவரும் இருந்தார், அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர்களும் இருந்தார்கள்.

மே மாதம் எடுத்த காட்சி உள்ள வாரக் கதை நவம்பரில் வந்தது. ஊர் ஆட்கள் நடித்த காட்சி வருகிறது, எல்லாரும் வந்து சேர்ந்து பார்க்கலாம் என்று பார் நடத்துகிற கானி தபால் நிலையத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். எர்லிங் போயிருக்கவேண்டியதில்லை. ஆர்டிஸ் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்காகப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனார். கடைசி நாற்காலியில் ஒரு பியரோடு உட்கார்ந்தார். எல்லாரும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். எல்லாரும் குளிரைப் பற்றிச் சொன்னார்கள்.

ஆறு மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. ஒரே கூச்சல். அதோ ஹார்லனின் வெள்ளைக் குதிரை, அதோ பார் மாவிஸ், பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கிறாள், ஜென்மத்தில் வீட்டில் அப்படி உரித்திருப்பாளா என்று கேலி. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எர்லிங்கும் சிரித்தார். கன்றுகளின் தரம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் கதை திரும்பியது. தொடரில் அந்தப் பெரியவரின் மனைவி செத்துப்போயிருந்தாள். விடியற்காலை. பெரியவர் பட்டி வாசலில் தனியாக நிற்கிறார். நெருப்பில் சூட்டுக்கோல் சிவந்துகொண்டிருக்கிறது. மகள் பின்னால் வந்து, யாரையும் கூப்பிடவில்லையே அப்பா, யார் வருவார்கள் என்று கேட்கிறாள். பெரியவர் திரும்பவில்லை.

“நாங்க கூப்பிடறதில்ல,” என்றார் அவர். “நாள் தெரியும். வருவாங்க.”

மலைமேட்டில் ஒரு குதிரை தெரிந்தது. இரண்டு, பத்து, நாற்பது. வெயில் முதுகில் விழ, இசை பொங்க, ரிங்டால் பள்ளத்தாக்கே மேட்டிலிருந்து இறங்கி வந்தது. முன்னால் லைல். பெரியவரின் கண்ணில் நீர் தளும்பியது.

பாரில் சிரிப்பு ஒவ்வொரு மேசையாக நின்றது. யார் முதலில் திரும்பிக் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எர்லிங் ஒருவர்தான். கானி ஒலியைக் குறைத்தாள். இன்னும் மோசமாகிவிட்டது.

“லைல்,” என்றார் எர்லிங், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒன் குதிரை நல்லா எறங்கி வருது.”

லைல் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எர்லிங் பியரை மேசையில் வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். மாவிஸ் கோட்டுகூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நீ சூடு போடறதா இருந்தியா?” என்றாள்.

“ரெண்டாவது சனிக்கிழமையாச்சே.”

“ஐயோ எர்லிங். போன் வரலியே.”

“என்ன போன்?”

மாவிஸ் அவரை வெறித்துப் பார்த்தாள். “ஆர்டிஸ் போன். வருஷா வருஷம் ஏப்ரல் கடைசில பண்ணுவாளே. மாவிஸ், உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வர்றியான்னு. லொரெயின்கிட்ட ரொட்டி, கானிகிட்ட கேக்கு. எல்லா வீட்டுக்கும் பண்ணுவா. அவ கேட்டா வரச் சொல்றான்னு அர்த்தம். இந்த வருஷம் யாருக்கும் போன் வரல. நீ வேணாம்னு இருக்கேன்னு நெனச்சோம். லைல் ஒன்கிட்ட சாடையாக் கேட்டாராம், நீ நல்லதாப் போச்சுன்னுட்டியாம். அழுதுட்டு இருக்கற மனுஷன்கிட்ட நாங்க எப்படிடா போய்க் கேக்கறது?”

எர்லிங்குக்கு அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் ஞாபகம் வந்தது. கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்த அவள் கண் ஞாபகம் வந்தது. மாவிஸின் கையை மெல்ல கதவிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளே போ, குளிருது என்றார்.

வீட்டுக்கு இருபத்திரண்டு மைல். பட்டியில் அந்தக் கருகல் கன்று தாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எர்லிங் விளக்கைப் போட்டுச் சமையலறைத் தொலைபேசி முன்னால் போய் நின்றார். அதற்குப் பக்கத்தில் தீவனக் கடை நாட்காட்டி தொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்தார். சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். பதினோரு வீடு, பதினோரு எண். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பதார்த்தம். மாவிஸ் முதலில். முப்பத்தெட்டு வருடமாக அவர் தினமும் இந்தச் சுவர் பக்கம் நின்றுதான் காப்பி குடித்திருக்கிறார். நாங்கள் கூப்பிடுவதில்லை, வருவார்கள் என்று அந்தப் பையனிடம் சொன்னதும் இங்கேயே நின்றுதான்.

மாவிஸின் எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அங்கே யாரும் இல்லை, எல்லாரும் இன்னும் பாரில் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆறு தடவை மணி அடித்தது. பிறகு பதிவுக் கருவியில் லைலின் குரல், சேதியைச் சொல்லுங்கள் என்றது.

“மாவிஸ், எர்லிங் பேசறேன்,” என்றார். “உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வர்றியா?”

எந்த நாளைக்கு என்று சொல்லவேண்டும். அவரிடம் நாள் ஒன்றும் இல்லை. பதிவுக் கருவி தானாக நிற்கும்வரை ரிசீவரைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றார்.